ஓலை ஆடாத காற்று

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. மலேசியாவில் கோலா கெத்திலுக்கு உள்ளே, நான் பிறந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், அந்தக் காற்றைக் காட்டி ஆறு குடும்பங்களை ஏமாற்றினார்கள். ஏமாற்றியவர்களில் நானும் ஒருவன்.

தோட்டம் கைமாறியதும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்த மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய ஆறு குடும்பங்களும் கம்பம் நட்டு கரண்ட் தரச் சொல்லி மனுப் போட்டன. மனுவுக்காக அலைந்தவர் கடைசி வீட்டு அக்கா. அவருக்கு இன்சுலின். மீன் கடையில் வாங்கிய பாலிஸ்டைரின் பெட்டியில் தினமும் ஐஸ் கட்டி போட்டு அந்த மருந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஃபிரிட்ஜ் ஓடினால் போதும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

கம்பம் வரவில்லை. அதற்குப் பதிலாக, அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகையாளர் காற்றாலையோடு வந்தார். நான் குருண் தொழிற்சாலையில் வயர்மேன் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். இங்கே இது சரிவராது என்று அன்றே சொன்னேன். காற்றாலையில் மாயம் ஒன்றுமில்லை. காற்று இறக்கையைத் தள்ளும், இறக்கையோடு சேர்ந்து காந்தத்துக்கு நடுவில் செப்புச் சுருள் சுற்றும், கம்பியில் மின்சாரம் வரும். ஆனால் காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது. ஒரு நொடியில் இறக்கைக்கு வந்து சேரும் காற்றே பாதிதான். வருகிற ஒவ்வொரு பிடிக் காற்றிலும் இருக்கும் சக்தியோ கால்வாசி. பாதியில் கால், அரைக்கால்; எட்டில் ஒரு பங்கு. சுற்றிலும் காற்றாலைக் கம்பத்தைவிட உயரமாகச் செம்பனை நின்றால் அந்த அரைக்காலும் சந்தேகம்.

அவர் சிரித்தார். "தம்பி, சுத்தினா போதும் லா."

திறப்பு விழா அன்று உச்சி வெயில். காற்று செத்துக் கிடந்தது. தொகுதி மக்கள் பிரதிநிதியான வைபியின் கார் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. குத்தகையாளர் என் காதோரம் வந்தார். "நான் வீட்டுல சார்ஜ் போட்டுக் கொண்டாந்த பேட்டரி ஃபுல்லா இருக்கு. டயோட கழட்டிட்டு நேரா குடு. ஃபேன் மாதிரி சுத்தும்ல?"

சுற்றும். அதுதான் கொடுமை. அந்த ஜெனரேட்டருக்குள் மின்சாரத்தை அனுப்பினால் அது மோட்டாராகிவிடும். தர வேண்டியது தின்ன ஆரம்பிக்கும். பேட்டரியின் மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுப்பது அந்த ஒரு டயோடுதான். கழற்றினேன். அவரிடமிருந்து அடுத்த வேலையும் வரும் என்ற நப்பாசை, வேறென்ன? இறக்கை ஜம்மென்று சுற்றியது. எல்லாரும் கைதட்டினார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். இந்த மனுஷன் காற்றே இல்லாமல் தூற்றிக்கொண்டார்.

அக்கா முன்வரிசையில் நின்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, ஒரு ஓலகூட ஆடலையே, இது எப்படிப்பா சுத்துது?"

வைபியும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மேல காத்து இருக்குக்கா," என்றேன்.

சில வாரங்களில் மனு திரும்பி வந்தது. மலாயில் இரண்டே வரி: இந்தக் குடியிருப்புக்கு மின்சார வசதி ஏற்கெனவே செய்து கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த வசதியோ அதுவரை ஒரு கைப்பேசிக்குக்கூடச் சார்ஜ் ஏற்றியதில்லை. குத்தகையாளர் என் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மனசு கேட்காமல் அக்கா வீட்டுக்குப் போனேன். டயோடு, பேட்டரி, மோட்டார், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஓல ஆடல, இது சுத்துது. எனக்குக் கண்ணு இல்லையா? வைபி காதுல விழட்டும்னுதான் சத்தமா கேட்டேன். இங்க பொறந்த புள்ள, வயர் வேல தெரிஞ்சவன், நீ உண்மைய சொல்லிருவன்னு நம்பித்தான் ஒன்னப் பாத்துக் கேட்டேன்."

பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.