கேரியரில் நிற்கும் மிதவை

வாங்கிப்போனவர் திரும்பி வரவில்லையென்றால் மற்ற கடைக்காரர்களுக்கு வியாபாரம் போச்சே என்ற கவலை. மிதவை விற்கிற எனக்கு, ஆளே போய்விட்டாரோ என்ற கவலை.

தெர்மாகோல் பலகைகளை அடுக்கி, உரச்சாக்கைப் போர்த்தி, நைலான் கயிற்றால் இறுக்கித் தைத்தால் மிதவை. தேவதானப்பட்டிப் பக்கம் அணையில் அதன்மேல் நின்றுகொண்டுதான் வலை வீசுவார்கள். மடியில் மகளைப் போட்டுக்கொண்டு நான்தான் தைப்பேன். கடை வைத்துச் சீரழிகிறவர்களுக்கு இதெல்லாம் புரியும்.

தரையில் ஒரு சோதனை

வருகிறவர்கள் எல்லோருமே மிதவையைக் கடைவாசலில் போட்டு ஏறி நின்று பார்ப்பார்கள். தரையில் அது எங்கே ஆடும்? ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கி, வலை வீசுகிற மாதிரி கையைச் சுழற்றியும் பார்த்தார். "தண்ணியில போட்டுப் பாருங்க மாமா" என்றேன்.

"ஏத்தா, தரையிலயே நிக்காதது தண்ணியில எங்கிட்டு நிக்கப்போகுது?"

சேகரின் சைக்கிள்

திராட்சைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மீன்பிடிக்க இறங்கியவர் சேகர். உட்கார்ந்து வலை விடுகிறவர்களுக்காகத் தைத்த குறுகலான மிதவையில் கையை வைத்தார். "நின்னு வீசுறதுனா பாய் அகலம் வேணும் தம்பி. சின்ன அலைக்கே இது புரட்டிரும்" என்றேன். அகலமானது சைக்கிள் கேரியரில் நிற்காது, தலையில்தான் சுமக்க வேண்டும். அதுதான் அவருக்குக் கௌரவக் குறைச்சல். எவ்வளவோ சொன்னேன். கேட்காமல் குறுகலானதையே கேரியரில் வைத்துக் கட்டினார்.

"ஊருக்குள்ள தலையில தூக்கிட்டுப் போனா, கட்டிலோட வீட்டக் காலி பண்ணிட்டான்னு சிரிப்பாகக்கா."

ஆடி

ஆடி பிறந்தால் மேற்கு மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கும். அணையில் முழங்கால் உயரத்துக்குக்கூட அலை எழும்பாது. ஆனால் குறுகலான மிதவையில் நிற்கிறவனுக்கு அது போதும். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சேகரைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மீன் யாவாரி ஒருவர் பார்த்திருந்தார்.

"நின்னுக்கிட்டுத்தான் வீசுறான். உக்காருடான்னா, கக்கூஸ்லதான் உக்காருவேங்கிறான்."

அவர் மனைவி

ஆடி முடியுமுன்னே சேதி வந்துவிட்டது. அலையில் மிதவை புரண்டு, வலை காலைச் சுற்றிக்கொண்டதாம். மிதவை தானாகவே கரைக்கு வந்துவிட்டது; சேகரைத்தான் தேடி எடுத்தார்கள். துக்கத்துக்குப் போய் வாசலோடு திரும்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேரியரில் அதே மிதவை, இடுப்பில் என் மகள் வயசில் ஒரு பிள்ளை. திட்டத்தான் வருகிறாள், வாங்கிக்கொள்வோம் என்று எழுந்து நின்றேன். அவளோ மிதவையை அவிழ்த்துத் தரையில் போட்டு, பக்கத்தில் தன் பிள்ளையை உட்காரவைத்து, சாண் போட்டு அளந்தாள்.

"இதோட இன்னொண்ணச் சேத்துத் தச்சுக் குடுக்கா. இவளயும் முன்னால உக்கார வச்சுக்கிட்டுத்தான் வலை வீசப் போகணும், விட்டுட்டுப் போக ஆளு இல்ல."

அகலமாக வேண்டும் என்று தானாகக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஓர் ஆடியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.