முசுறுக்குப் பயந்த லூர்துசெல்வி

லூர்துசெல்விக்குப் பயப்படுவதற்குக் காரணமே தேவையில்லை. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், குப்பனூர் மலைப்பாதையில் பஸ் வளைந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். எஸ்டேட்டில் கணக்கெழுதி வேலை வாங்கும் ரைட்டர் வெங்கடாசலம் எங்கோ இருமினாலும் இங்கே இவள் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இப்படிப்பட்டவள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போய், "ஆண்டவரே, நீர் போற இடமெல்லாம் நானும் வருவேன்" என்று முழங்காலில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டு வருவாள். வாக்குக் கொடுப்பதில் மட்டும் அவளுக்குப் பயமே இருந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம், காப்பிப் பழப் பறிப்பு முடிகிற சமயம். கிளியூர்ப் பக்கத்தில் அவள் வேலை செய்த எஸ்டேட்டில், இரண்டு பெண்கள் சோடி சேர்ந்து ஒரே சாக்கில் பழம் போடுவது வழக்கம். இவளுக்குச் சோடி பாவாயி. பத்து வயது மூத்தவள், கணவனை இழந்தவள், மாரியம்மனைக் கும்பிடுகிறவள். இவளுடைய வேலையிலும் பாதியைச் சத்தமில்லாமல் முடித்துக் கொடுத்துவிடுவாள்.

சிவந்த பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். கிளையை உருவினால் பச்சைக் காயும் கூடவே வந்துவிடும். எஸ்டேட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அன்றைக்கு லூர்துசெல்வி நின்ற செடியில் முசுறு கூடு கட்டியிருந்தது. அந்தச் செவ்வெறும்பு ஒன்று கழுத்தில் ஏறிக் கடித்ததுதான் தாமதம், கண்மண் தெரியாமல் கிளைகளை மளமளவென்று உருவிச் சாக்கில் போட்டுவிட்டு அந்தச் செடியை விட்டே ஓடிவிட்டாள்.

சாயங்காலம் ரைட்டர் சாக்கைக் கொட்டினார். பச்சை பச்சையாக உருண்டது.

"யாரு உருவுனது? நீயா?"

"நானில்லீங்க" என்றாள் லூர்துசெல்வி.

"அப்ப இவளா?"

"தெரியாதுங்க."

தெரியாதாம்! இரண்டே பேர் கை பட்ட சாக்கு அது.

பாவாயி வாயே திறக்கவில்லை. "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று ரைட்டர் அவளிடம் சொன்னபோதும், முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள்.

மறுநாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு முழங்காலில் நின்ற லூர்துசெல்விக்கு வழக்கமான வாக்கு வாயில் வரவில்லை. இதே மாதிரி வாக்குக் கொடுத்த சீடர் இராயப்பர் பிறகு ஆண்டவரையே தெரியாதென்று மறுதலித்தாரென்றால், அவருக்கு உயிர் போகிற பயம். இவள் எதற்குப் பயந்தாள்? ஒரு எறும்புக்கும் ஒரு ரைட்டருக்கும். அதை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். அதுவரை அவள் சொன்ன செபங்களிலேயே உண்மையானது அதுதான். பின்னாளில் எத்தனையோ சாவு வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் அவள் தனியாகப் போனாள். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

வியாழக்கிழமை காலை, ஆள் எடுக்கும் இடத்தில் அத்தனை பேரும் கூடியிருக்க, அவள் ரைட்டருக்கு முன்னால் போனாள். வாயைத் திறப்பதற்குள் கால் மடங்கிவிட்டது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, அன்னிக்கு உருவுனது நாந்தானுங்க. பாவாயியக்கா மேல தப்பில்லீங்க. அவுங்கள வரச் சொல்லுங்க."

"எந்திரிச்சு நின்னு சொல்லு!"

"நிக்க முடியலீங்க. உக்காந்துட்டே சொல்லிர்றனுங்க."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். வெங்கடாசலம் சிரிக்கவில்லை. "அவளை வரச் சொல்லு. பறிப்பு முடியற வரைக்கும் நீ இந்தப் பக்கம் தலை காட்டாதே" என்றார்.

அங்கிருந்து நேராகக் கிளியூருக்கு நடந்தாள். பாவாயி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். லூர்துசெல்வி உட்காரக்கூட இல்லை.

"அக்கா, காயை உருவுனது நானு. உங்க மேல பழி போட்டுட்டேன்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? கழுத்துல முசுறு கடிச்சு இத்தாச்சோட்டுப் பெரிய தடிப்போட வந்து நின்னியே."

"தெரிஞ்சுமா பேசாம வந்துட்டீங்க? இவதான்னு என்னையக் காட்டியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா உன்னைய அத்தன பேரு நடுவுல நிறுத்தி வெச்சுக் கேப்பாங்க. நீ நொம்பப் பயந்தவ, தாங்க மாட்டே கண்ணு. நான் தாங்கிக்குவேன், அதான் வந்துட்டேன்."

லூர்துசெல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் குற்றத்தை இன்னொருத்தர் பேசாமல் சுமந்துகொண்டு போனார் என்று சின்ன வயசிலிருந்து கோயிலில் கேட்டு வளர்ந்தவள் அவள். அதைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நாளைக்கு நீங்க வேலைக்குப் போவோணுமுங்கக்கா. ரைட்டர் வரச் சொல்லிட்டாரு."

பாவாயி முறத்தைக் கீழே வைத்தாள். "அவரு எப்படிச் சொன்னாரு? நீ போயிச் சொன்னியா? எல்லாரு முன்னாலயுமா?"

"ஆமாங்கக்கா" என்றாள் லூர்துசெல்வி. "உக்காந்துட்டுத்தான் சொன்னேன்."

பாவாயி அவளை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அப்புறம் யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் இருவருமே அழுதார்கள்.