டோரின் வீட்டுச் சாராயச் சாக்லேட்

டிசம்பர் பிறந்துவிட்டால் திருகோணமலைச் சாராயக் கடைக்காரர் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறார்: “குடிக்கவோ, கேக்குக்கோ?” கேட்கும்போது அவர் முகத்தில் குறும்பு கிடையாது. தபாலாபீஸில் “உள்ளூரா, வெளியூரா?” என்று கேட்கிற அதே முகம். கேக்குக்கு என்றால் ஒரு போத்தல், குடிக்க என்றால் வேறொரு போத்தல். இரண்டும் ஒரே அலுமாரியில், பகல் வெளிச்சத்தில், லேபிளைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. மதுவிலக்கு நடக்கும் சென்னை ராஜ்யத்திலிருந்து வந்தவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. எங்கள் கும்பகோணத்தில் சாராயம் என்பது குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய சொல். இருமல் மருந்தில் அது கலந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, இருமலே மேல் என்று இருந்துவிட்டவர் என் பெரியப்பா.

அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். நான் நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். படித்தவனுக்கு அது முடிகிறதா? “ஐயா, எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. எங்கள் பரம்பரையிலேயே யாரும்...” என்று தொடங்கினேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பரம்பரை முடிந்ததும் கடைக்காரர், “அப்ப கேக்குக்கு” என்று போத்தலை எடுத்தார். “இல்லை, சாக்லேட்டுக்கு” என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் மலர்ந்து, “டோரின் மிஸ்ஸிக்கு எண்டு முதலே சொல்லுறதுக்கென்ன! அவவுக்கு இது சரிவராது” என்று உள்ளே போய் இன்னொரு போத்தல் கொண்டுவந்தார். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பினால் எதிரே எங்கள் கந்தோரின், அதாவது ஆபீஸின், தலைமைக் குமாஸ்தா. “என்ன கணக்கையா, இந்தியாவில மூடினதையெல்லாம் இஞ்ச வந்து திறக்கிறீங்களோ?” என்றார். நான் துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கடல் தாண்டியவன் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். தாண்டிய கடல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவிலுள்ள கடல்தான், ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும். ஆனாலும் அயல்நாடு அயல்நாடுதான். பாரிஸுக்கோ பர்மாவுக்கோ போனவன், பேச்சு புரியாவிட்டால் மொழியின் மேல் பழியைப் போடலாம். இங்கே அந்த வசதியும் இல்லை. சுற்றிலும் தமிழ். என்னைவிடச் சுத்தமான தமிழ் என்றுகூட அவர்கள் நினைக்கிறார்கள். நான் பேசுவதை அவர்கள் அன்போடு கேட்டுவிட்டு, “படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறார்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது பெருமை. கதாநாயகனாக யாரும் என்னை அதற்கு முன் நினைத்ததில்லை.

என் மனைவி கமலத்துக்கு அது பெருமையாக இல்லை. வந்த புதிதில் கிணற்றடியில் அவள் வாயைத் திறந்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதில் விஷம் இல்லை. ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கதவையும். கும்பகோணத்தில் வீதியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பேசி முடிக்காமல் கறிகாய் வாங்கத் தெரியாதவள், இங்கே அடுப்போடும் என்னோடும் மட்டும் பேசினாள். என்னோடு பேசியதும் குறைந்துகொண்டே வந்தது. ஐப்பசியில் ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே, “தையிலே என்னைக் கொண்டுபோய் அம்மா வீட்டிலே விட்டுடுங்க. நீங்க வேணும்னா இங்கேயே இருங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ரசம் வேணுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அடுத்த வாரம் அவளுடைய டிரங்குப் பெட்டி பரணிலிருந்து கீழே இறங்கியது. புடவைகள் ஒவ்வொன்றாக அதற்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நான் தினமும் கந்தோருக்குப் போய்வந்தேன். உலக விவகாரங்களில் எனக்குத் தெளிவான கருத்துகள் உண்டு. இந்த விவகாரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

டோரின் எங்கள் பின்வேலிக்கு அப்பால் இருக்கிற பறங்கிப் பெண்மணி. கணவர் லூயிஸ் கடற்படைத் தளத்தில் தச்சர். இவர்கள் வீட்டில் போர்த்துக்கீசிய ரத்தம், கிறிஸ்தவ வழிபாடு, திருகோணமலைத் தமிழ். ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கும், டோரின் சாராயம் கலந்த சாக்லேட் செய்து தெரு முழுவதற்கும் தட்டில் வைத்து அனுப்புவாள். நாங்கள் தீபாவளிப் பலகாரத்தை அனுப்புகிறோமே, அதுபோல. ஒரு வித்தியாசம், கும்பகோணத்தில் எங்கள் தட்டு எந்தெந்த வாசற்படி ஏறும், எது ஏறாது என்பது தட்டுக்கே தெரியும். இந்தத் தெருவில் தட்டுக்கு அந்தப் படிப்பு இல்லை. சாராயம் ஆகாத கிண்ணியா ஊர்க்கார ஹாஜியார் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சாராயம் சேராததைச் சதுரமாக வெட்டி அனுப்புவாள். மற்றவர்களுக்கு உருண்டை. அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த வருஷம் கிணற்றடிப் பாசியில் வழுக்கி டோரினுக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப்போட்ட கையோடு எங்கள் கொல்லைக் கதவைத் தட்டினாள். “கமலம், உங்கட கை எனக்கு வேணும். வாய் என்னட்ட இருக்கு” என்றாள். கமலம் என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன். மறுக்கத் தெரியாத ஒரே காரணத்தால் அவள் போனாள். கை பிசகியவளுக்காகப் போத்தல் வாங்கி வந்த பாவத்துக்கு நானும் பின்னால் போனேன்.

டோரின் குசினியில், இங்கே சமையலறைக்கு அதுதான் பெயர், மேஜைமேல் செங்கல் போல ஒரு கறுப்புச் சாக்லேட் கட்டி இருந்தது. கடற்படைக் கன்டீனில் வேலை செய்யும் மைத்துனன் வருஷத்துக்கு ஒரு தரம் தருவது. கடையில் கிடைக்காது. வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் கதை. அடுத்த வருஷம் கட்டி வருமோ வராதோ. டோரின் கதிரையில் அமர்ந்து கட்டளை இட்டாள். பெரிய சட்டியில் வெந்நீர், அதன் மேல் சின்னச் சட்டி, சின்னச் சட்டியில் சீவின சாக்லேட், மெல்லிய சூடு. “உருகட்டும், இந்தா வாறன்” என்று, கேக்குக்கு முட்டை வாங்கப் போய் எங்கோ கதைபோட்டு நின்ற லூயிஸைத் தேடிக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

அவள் ஒன்றைச் சொல்லாமல் போய்விட்டாள். சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. எங்கள் ஊரில் பட்சணம் செய்ய உட்கார்கிற பெண் முதலில் என்ன செய்வாள்? பாத்திரம் நேற்றே கழுவியதானாலும் இன்னொரு தரம் அலம்புவாள். கரண்டியை அலம்புவாள். கையை அலம்பி, ஈரக் கையால் அடுப்பங்கரையைத் துடைப்பாள். துணியால் பாத்திரத்தைத் துடைத்தால் செய்த சுத்தமெல்லாம் துணியோடு போயிற்று என்று நினைப்பாள். கமலமும் அப்படியே, சொட்டச் சொட்ட அலம்பிய சட்டியில் சாக்லேட்டைப் போட்டு, சொட்டச் சொட்ட அலம்பிய கரண்டியால் கிளறினாள். பளபளவென்று உருகிக்கொண்டு வந்த சாக்லேட் திடீரென்று முகத்தைச் சுளித்தது. மணல் மணலாகத் திரண்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு, கொத்தனார் விட்டுப்போன சிமெண்டுக் கலவை மாதிரி நின்றுவிட்டது.

டோரின் திரும்பி வந்து எட்டிப்பார்த்தாள். “ஐயோ மாதாவே! ஆர் இதுக்குத் தண்ணி காட்டினது?”

“கழுவினேன்” என்றாள் கமலம்.

“கழுவினா துடைக்கிறேல்லையோ? ஒரு சொட்டு ஈரம் பட்டாலே இது பழுதாப் போகும், பிள்ளை!”

கமலத்தின் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்த போக்கு, அழுகைக்கு ஒரு படி முந்தியது. கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அதைச் சட்டிக்கும் கரண்டிக்கும் ஐந்து நிமிஷம் முன்னால் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என்னிடம் திரும்பி, “தை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே கிளம்பலாம். இந்த ஊர்லே என் கை பட்டது எதுவும் விளங்காது” என்றாள். டோரின் பதறிப்போனாள். “அதுக்கேன் அழுறீங்க? போன கட்டி போகட்டும்” என்றாள். ஆனால் அவள் கண்ணும் சட்டியிலேயே இருந்தது. தெருவுக்குப் போக வேண்டிய தட்டுகள் கழுவித் துடைத்து அலுமாரிமேல் அடுக்கியிருந்தன.

கமலம் வாசல்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்து கரண்டியால் அந்தச் சிமெண்டை ஒரு குத்துக் குத்திப் பார்த்தாள். எதிரே வந்து நிற்பது நாடானாலும் கணவனானாலும் விட்டுவிடுவாள். பதம் கெட்ட பட்சணத்தை விட்டுவிட அவளால் முடியாது.

“பாகு முத்தி மைசூர்பாகு மணலா உடைஞ்சு போச்சுன்னா நாங்க தூக்கியா எறிவோம்? பாலை ஊத்திக் கிளறிடுவோம்.”

“பாலோ?” டோரின் கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். “தண்ணி பட்டுத்தானே நாசமாப் போனது! அதுக்கு மேல இன்னும் ஊத்துறதோ? ஏலாது, கமலம், ஏலாது!”

“கொஞ்சமா பட்டதாலேதான் இப்படி நிக்குது. நிறையப் பட்டா வழிக்கு வரும்.”

“உங்கட மனுசி விசர்க்கதை கதைக்கிறா” என்று டோரின் என்னிடம் முறையிட்டாள். விஞ்ஞானம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கற்ற பாடத்தின்படி, அடுப்படியில் நடக்கும் வாதத்தில் நான் கூரையைப் பார்த்தேன்.

கமலம் பாலைக் கொதிக்கவைத்து ஒரு கரண்டி ஊற்றினாள். சாக்லேட் இன்னும் முரண்டு பிடித்தது. இன்னொரு கரண்டி. கட்டி தளர்ந்தது. இன்னொன்று ஊற்றி, புஜம் வலிக்கக் கிளறியதும் மணலெல்லாம் மறைந்து, எண்ணெய் தடவிய தலைமுடி மாதிரி ஒரு மினுமினுப்பு வந்தது. டோரின் சிலுவை போட்டுக்கொண்டாள். வெட்டுகிற மாதிரி இறுகாதே என்று அடுத்த கவலை. டோரின் அலுமாரியிலிருந்து இரண்டு டின்பாலை எடுத்து நீட்டினாள். கமலம் அதை ஊற்றி, திரட்டுப்பால் பதம் வரும்வரை சுண்ட வைத்தாள். இனிச் சதுரம் கிடையாது, உருட்டத்தான் முடியும். அப்படியானால் ஹாஜியார் வீட்டு உருண்டை எது, மற்றது எது? பாதியைத் தனியே எடுத்து, முதலில் அதை உருட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முந்திரிப் பருப்பைப் பதித்தாள். பிறகுதான் மீதிப் பாதியைச் சூடு ஆறவிட்டு, போத்தலைத் திறக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

“ருசி பார்த்துப் பார்த்து ஊத்துங்க” என்றாள் டோரின்.

“சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டேன். எச்சில்.”

“ருசி பார்க்காமச் சமைக்கிறதோ? கண்ணைக் கட்டிக்கொண்டு வள்ளம் விடுற மாதிரியெல்லோ! அப்ப ஐயா பார்க்கட்டும்.”

கள்ளைப் புகழும் பழம்பாடல்களை நயமாக எடுத்து விளக்குவதில் எனக்குக் கும்பகோணத்தில் நல்ல பெயர் உண்டு. பொருளை நாக்கில் வைத்ததில்லை. இரண்டு பெண்களும் என்னையே பார்க்க, பரம்பரையை மனதுக்குள் வணங்கிவிட்டு ஒரு விரல் நுனி அளவு வாயில் போட்டேன். நெருப்பு இறங்கியது, பின்னால் இனிப்பு இறங்கியது. “அதிகம்” என்றேன். டோரினும் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்து, “இதைச் சாப்பிட்டிட்டுக் கோயிலுக்கே போகலாம். இன்னும் ரெண்டு கரண்டி” என்றாள். கமலம் ஊற்றினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன், என் முகத்தைப் பார்த்துத்தான் என்றாலும்.

நத்தார் காலையில் தட்டு ஏந்த டோரினுக்குக் கை இல்லை. கமலமும் அவளும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள், பின்னால் நான். முந்திரித் தட்டோடு ஹாஜியார் வீட்டு வாசலில் நின்றபோது அவர் மனைவி ஒன்றைக் கடித்துப் பார்த்து, “மாஷா அல்லாஹ், இந்த முறை சொக்லேட் சதுரத்தை விட்டிட்டு உருண்டையாச் சிரிக்கிது. இதென்ன செய்முறை?” என்று கேட்டார். கமலம் சொல்லத் தொடங்கினாள். மைசூர்பாகில் தொடங்கி, பால், பதம், புஜவலி என்று போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த பெண்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, “கேளுங்களன், படம் பார்க்கிற மாதிரியே இருக்கு!” என்று சிரித்தாள். தெருவில் நின்ற நான், அவளை வீட்டுக்கு அழைத்துப் போகத் தயாராக ஓரடி எடுத்து வைத்தேன். கமலம் தட்டைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, “அப்போ டிக்கெட் வாங்கிட்டு வந்து கேளுங்க” என்றாள். அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு துறைமுகம்வரை கேட்டிருக்கும். அவளை உள்ளே அழைத்துக் கதிரை போட்டார்கள். தேத்தண்ணி வந்தது. நான் வெயிலில் நின்றேன். யாரும் என்னை அழைக்கவில்லை. அழைக்காதது எவ்வளவு சந்தோஷம் என்று எப்படி விளக்குவது?

அன்று சாயங்காலம் நானும் கமலமும் கடற்கரைக்குப் போனோம். மணலில் நடந்துகொண்டே, “தையிலே போய் அம்மாவைப் பார்த்துட்டு, மாசி பிறக்கிறதுக்குள்ளே திரும்பிடணும். ஈஸ்டருக்கு டோரின் வேறே ஏதோ செய்யணுங்கறா, அவளுக்குப் பதமே தெரியலே” என்றாள். நான் குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன். ஏதாவது சொன்னால் மனம் மாறிவிடுமோ என்ற பயம். ஊர் நினைப்பு வரும்போதெல்லாம் செய்கிற மாதிரி, அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள். பூகோளம் படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? “இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் பர்மா. கும்பகோணம் உன் முதுகுக்குப் பின்னால், இடது தோள் பக்கம்” என்றேன்.

“இத்தனை நாளும் தப்பான திசையையா பார்த்து ஏங்கிக்கிட்டு இருந்தேன்?” என்று கேட்டுவிட்டு, அவள் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நான் கை நீட்டிய இடத்தை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கும்பகோணம் அங்கேதான் இருந்தது, எத்தனையோ காடுகளுக்கும் ஒரு கடலுக்கும் அப்பால். ஆனால் அந்தத் திசையில் கண்ணுக்குத் தெரிந்தது எங்கள் தெரு. டோரின் குசினிப் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்து, விட்டுவிட்டு அடிக்கிற வாடைக்காற்றில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.