டீ நேரத்தில் ஒற்றுமை வகுப்பு

பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை என்றால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரிப்பது என்று இப்போது வேலைக்குச் சேர்கிறவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒருநாள் மாலை டீ நேரத்தில் கைகலப்பு. டீ கேனுக்கு முன்னால் யார் முதலில் நிற்பது என்பதுதான் விவகாரம். ஒரு பக்கம் ஓவர்லாக் டெய்லர் செல்வி, திருநெல்வேலிக்காரி; அவள் பின்னால் தென்மாவட்டத்து ஆட்கள். மறுபக்கம் அயர்னிங் பார்க்கும் ரஞ்சன், ஒடிசாக்காரன்; அவன் பின்னால் வடக்கத்தி ஆட்கள். தம்ளர்கள் பறந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, எங்களிடம் சரக்கு வாங்கும் பையரின் ஆடிட்டர் கம்பெனியைச் சோதிக்க உள்ளே வந்தார். அடுத்த மாதம் மறுபடி வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் போனால் எல்லோருக்கும் வேலை போகும், என்னையும் சேர்த்து.

முதலாளி இரண்டு நாள் யோசித்து என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், பையருக்கு மூணு ஷேடு சாம்பிள் அனுப்பறமில்லீங்களா? அதாட்ட ஆன்மிகம், பகுத்தறிவு, கல்வி மூணையும் போட்டுப் பாத்தரலாமுங்க. எது செட்டாகுதோ அத வெச்சுக்கலாம்."

யோசனை நல்லதாகத்தான் பட்டது. வகுப்பை எப்போது வைப்பது என்று கேட்டேன். புரொடக்‌ஷன் கெடக் கூடாது, டீ நேரத்தில் வைத்துவிடலாம் என்றார். சண்டைக்குக் காரணமே டீதானே என்று அதற்கொரு நியாயமும் சொன்னார். மாலை டீ நின்றது.

முதலில் ஒரு சாமியார் வந்து கண்ணை மூடி உள்ளே பார்க்கச் சொன்னார். காலையிலிருந்து மெஷினில் உட்கார்ந்தவர்கள் கண்ணை மூடியதும் குறட்டைதான் கேட்டது. ஆழ்நிலைக்குப் போய்விட்டார்கள் என்று அவர் பூரித்துப் போனார். அடுத்த வாரம் வந்த பேராசிரியர் எதையும் நம்பாதீர்கள், கேள்வி கேளுங்கள் என்றார். டீ எப்போது வரும் என்று செல்வி கேட்டாள். அவர் பிரபஞ்சத்தின் தோற்றத்துக்குப் போய்விட்டார். மூன்றாவதாக வந்த டிரெய்னர் புரொஜெக்டரை மாட்டி, டீம் ஒர்க் பற்றி டீ நேரம் முழுக்கத் தனியாகவே பேசினார்.

மறுநாள் வகுப்புக்கு மணி அடித்தது. யாரும் வரவில்லை. மெஷின்களும் ஓடவில்லை. மொத்தப் பேரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள், செல்வியும் ரஞ்சனும் முன்னால்.

"மேடம், எங்க சண்டைய நாங்க பாத்துக்கிடுதோம். எங்க டீய எங்களுக்குத் தந்துருங்க," என்றாள் செல்வி.

"அக்கா சொல்றது கரெக்ட்," என்றான் ரஞ்சன். அதுவரை அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க மேடம், எல்லாரும் ஒண்ணாச் சேந்துட்டாங்க? இப்ப என்ன பண்றதுங்க?"

"நாம கேட்டது அதுதானுங்களே," என்றேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டீ திரும்பி வந்தது, கூடவே இரண்டாவது கேனும். அடுத்த மாதம் ஆடிட்டர் வந்தபோது தள்ளுமுள்ளு இல்லை, ஆர்டர் தப்பியது. எப்படிச் சாதித்தீர்கள் என்று அவர் கேட்க, முதலாளி கூசாமல் மூன்று வகுப்புகளின் போட்டோவையும் எடுத்துக் காட்டினார்.

நான் கற்ற பாடம் இது. தொழிலாளர்களுக்குள் ஒற்றுமை வேண்டும் என்று ஆசைப்படுங்கள், தப்பில்லை. அது நேராக உங்கள் ஆபீஸ் வாசலுக்குத்தான் வரும். அதற்குத் தயாராக இருங்கள்.