மேல்வரிசையிலிருந்து கத்திய தமிழ்

என் தம்பி மகள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். நான் அவளுடைய அத்தை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் "பயப்படாதீங்க, வலிக்காது" என்று மெதுவான குரலில் சொல்வதுதான் என் வேலையில் பாதி. அந்தக் குரலை மட்டும் கேட்டவர்கள் சனிக்கிழமைகளில் என்னைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள்.

ஆரம்பத்தில் நான் டிரைவராகத்தான் போனேன். தம்பி கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறான். சனிக்கிழமையும் அவனுக்கு ஓட்டம் இருக்கும். கல்லூரி கோலாலம்பூரில் என்பதால் மகள் என் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். "அக்கா, பிள்ளைய மேட்சுக்கு ஏத்திட்டுப் போய் விட்டுரு, முடிஞ்சதும் ஏத்திட்டு வந்துரு, அது போதும்லா" என்றான். விட்டுவிட்டு நான் எங்கே போவது? மேல்வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதல் ஆட்டம் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டத்தில் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் நான் உட்கார்ந்ததாக நினைவில்லை.

அவள் குள்ளம். பந்தைத் தட்டிக்கொண்டு போய், நல்ல இடத்தில் நிற்பவளுக்குக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஆனால் எதிரணிப் பெண்கள் எல்லாரும் மரம் மாதிரி உயரம். அவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மேலே நிற்கும் எனக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் "ரைட்ல போ, ரைட்ல போ!" என்று கத்திவிட்டேன். அவள் திரும்புவதற்குள் எதிரணியே வலது பக்கம் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "ஐடியா நல்ல ஐடியாதான் அத்தை. ஆனா இங்கிலீஷ்ல சொன்னா அவங்களுக்கும் விளங்குது. தமிழ்ல சொல்லுங்க."

அவள் சொன்னது சரிதான். எங்கள் அணியில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான். எதிரணிகளில் பெரும்பாலும் சீனப் பிள்ளைகள். யாருக்கு விளங்கப்போகிறது? ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பிறந்ததிலிருந்து நாங்கள் இருவரும் லெஃப்ட், ரைட் என்றுதான் பேசியிருக்கிறோம். "வலது எது அத்தை, சாப்பிடுற கையா?" என்று கேட்டாள். எனக்கும் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

அதனால் காரிலேயே பயிற்சியை ஆரம்பித்தோம். பங்சார் சாலை நெரிசலில் நிற்கும்போது நான் திடீரென்று "இடப்பக்கம்!" என்பேன். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்ட வேண்டும். "வலப்பக்கம்!" என்றால் என் தோளைத் தட்ட வேண்டும். "பின்னால ஆளு!" என்றால் தலையைக் குனிய வேண்டும். பக்கத்து மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. வீடு வந்து சேரும்போது என் தோள் கன்றிப்போயிருக்கும்.

ஆனால் பலன் கிடைத்தது. நான் மேலே இருந்து சொல்வேன், அவள் கீழே திரும்புவாள், எதிரணி விழித்துக்கொண்டு நிற்கும். அணி ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து, வரலாற்றிலேயே முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போனது. எங்கள் கோச் ஒரு சீனர். "ஆன்டி, என்ன சொல்லிக் கத்துறீங்க?" என்று ஒரு நாள் ஆங்கிலத்தில் கேட்டார். "சாமி கும்பிடுறேன், கோச்" என்றேன். "குட், குட், கன்டினியூ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறுதி ஆட்டம் கிள்ளானில், எதிரணியின் கல்லூரி மண்டபத்தில் நடந்தது. எங்கள் அணிச் சட்டையின் நிறத்திலேயே மஞ்சள் டவல் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைச் சுழற்றிக்கொண்டு மேல்வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து நின்றேன். எதிரணிப் பெண்களை ஒவ்வொருத்தியாக நோட்டம் விட்டேன். ஒரு தமிழ் முகம்கூட இல்லை. நிம்மதியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

முதல் பாதி அல்வா மாதிரி போனது. நான் சொன்ன பக்கமெல்லாம் வழி திறந்தது. எங்கள் அணித் தலைவி, ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வரும் உயரமான சீனப் பெண், பந்து கைக்கு வந்தபோதெல்லாம் கூடையில் போட்டாள். இடைவேளையில் நல்ல வித்தியாசத்தில் முன்னால் இருந்தோம். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அங்கிளுக்குக் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டி, "கப்பு நம்மளுக்குத்தான் அங்கிள்" என்றேன். அவர் எதிரணிக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் கச்சானை வாங்கிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு என்ன ஆனது என்றே புரியவில்லை. எதிரணியில் பதினொன்றாம் எண் போட்ட ஒரு பெண். குதிரைவால் கொண்டை, நெற்றியில் வெள்ளைப் பட்டை. அதுவரை அவளை நான் கவனிக்கவே இல்லை. நான் "இடப்பக்கம்!" என்றால் என் மருமகளுக்கு முன்பாகவே அவள் இடப்பக்கம் வந்து நிற்கிறாள். "வலப்பக்கம்!" என்றால் அங்கேயும் அவள்தான். பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவள் இன்னும் வேகமாகப் பிடுங்கினாள். எங்கள் முன்னிலை கரைந்து, கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் போய்விட்டோம்.

கடைசிப் பந்து என் மருமகள் கையில். வலப்பக்கம் முழுக்கக் காலி. தலைவி அங்கே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். உயிரையெல்லாம் திரட்டி, "வலப்பக்கம், கண்ணு! வலப்பக்கம் கொடு!" என்று கத்தினேன். அவள் கொடுத்தாள். நடுவில் பதினொன்றாம் எண் கை நீண்டது. பந்து அவளிடம். மணி அடித்தது.

எதிரணி குதித்தது. அந்த அங்கிள் எழுந்து கைதட்டினார். நான் முதல் முறையாக உட்கார்ந்தேன்.

காரில் ஏறியும் எனக்கு ஆறவில்லை. முன்னிருக்கையில் மருமகள், பின்னால் காலை நீட்ட இடமில்லாமல் தலைவி. வெளியே மழை. நான் வைப்பரைப் போட மறந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு இல்லையா? உன்னை ரெண்டு தரம் இடிச்சாங்க, விசிலே ஊதல."

"ஊதினாரு அத்தை. உங்க சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

"உங்க கோச் ஏன் டைம்அவுட் கேக்கல?"

"கேட்டாரு. எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டாரு."

"அப்போ அந்தப் பதினொன்னு? அவளுக்கு எப்படித்தான் தெரியுதோ! நீ போற பக்கமெல்லாம் முன்னாடியே வந்து நிக்கிறா. ஏதோ ஜோசியம் பார்த்துட்டு வந்த மாதிரி!"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பின்னாலிருந்து தலைவி என் தோளைத் தொட்டு, "ஆன்டி, மாக்கான் டுலு லா" என்றாள். முதலில் சாப்பிடலாம் என்கிறாள். தோற்ற பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, எனக்குத்தான் பசிக்கவில்லை.

கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பேர்போன கடை ஒன்றில் நிறுத்தினேன். இலை போட்டார்கள். சோறு வந்தது. நான் சாப்பிடாமல் டம்ளரை என் மருமகளாகவும், அப்பளத்தைத் தலைவியாகவும் வைத்துக் கடைசி ஆட்டத்தை மறுபடி நடத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். தலைவி அப்பளத்தை எடுத்துக் கடித்துவிட்டாள். "சாரி ஆன்டி, ஐ வாஸ் ஓப்பன்" என்றாள்.

அப்போதுதான் கடைக்குள் ஒரே கூச்சல். எதிரணி மொத்தமும் கப்புடன் உள்ளே நுழைந்தது. என் முகம் சுருங்கியது. இந்தக் கிள்ளானில் வேறு கடையே இல்லையா? என் மருமகளோ கையைத் தூக்கி அவர்களுக்கு டாட்டா காட்டினாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

அவர்கள் எங்களுக்கு அடுத்த நீள மேசையில் உட்கார்ந்தார்கள். பதினொன்றாம் எண் எனக்கு நேர் பின்னால். பரிமாறுகிறவர் வந்தார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், சுத்தமான கிள்ளான் தமிழில் கேட்டது:

"அண்ணே, எனக்கு ரசம் தனியா டம்ளர்ல கொடுங்க. மோர் மொளகா ரெண்டு கூட வைங்க. போன தரம் ஏமாத்திட்டீங்க."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. மெல்லத் திரும்பினேன். வெள்ளைப் பட்டை, குதிரைவால் கொண்டை. அவளேதான்.

அவளும் என்னைப் பார்த்தாள். கண்ணை அகலத் திறந்தாள். "ஆன்டி! நீங்கதானே மேல மஞ்சள் டவல் ஆட்டிக்கிட்டு கத்துனது? தொண்டை வலிக்கலையா உங்களுக்கு?"

"உனக்கு... தமிழ் தெரியுமா?"

"அப்பா சீனர். அம்மா தமிழ், ஆன்டி. இங்கதான் தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருக்காங்க. நானும் ஆறு வருஷம் அங்கதான் படிச்சேன். இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம் அம்மா நாலு வயசிலேயே சொல்லிக் கொடுத்துட்டாங்க."

மருமகள் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அது மூக்கு வழியாக வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் தலைவி அவள் முதுகில் தட்டினாள்.

"அப்போ முதல் பாதியில ஏன் பிடிக்கல?" என்று கேட்டேன். என்னையறியாமலே குரலில் கிளினிக் மரியாதை வந்துவிட்டிருந்தது.

"நான் நம்பலையே ஆன்டி! இவ்ளோ சத்தமா, இவ்ளோ தெளிவா யாராச்சும் உண்மையச் சொல்வாங்களா? ஏமாத்துறாங்கனு நினைச்சு ஆப்போசிட் பக்கமா ஓடிட்டு இருந்தேன். அப்புறம் ஹாஃப் டைம்ல உக்காந்து யோசிச்சேன். ஐயோ, இந்த ஆன்டி நெசமாத்தான் சொல்றாங்கனு தோணுச்சு."

மருமகள் நடந்ததைத் தலைவிக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினாள். தலைவி என்னையும் பதினொன்றாம் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, நீளமான கால்களை உதைத்துக்கொண்டு, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "ஆன்டி! யூ வேர் தேர் சிக்ஸ்த் பிளேயர் லா!"

சிரிக்கக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பியது. அப்படி நான் சிரித்து எத்தனை நாளாயிற்றோ. கண்ணில் தண்ணீர் வழிந்தது. மஞ்சள் டவலால்தான் துடைத்துக்கொண்டேன். மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டார்கள். கப்பு எங்கள் இலைக்கு நடுவில் வந்து நின்றது. பரிமாறுகிறவர், "ஜெயிச்சது எந்த டீம்?" என்று குழம்பிக் கேட்டார்.

"ரெண்டும் ஆன்டி டீம்தான்ணே" என்றாள் பதினொன்றாம் எண். அவருக்கு அப்போதும் புரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் இன்னொரு முறை பாயசம் ஊற்றினார்.

கொஞ்ச நேரத்தில் மகளை ஏற்றிப்போக அந்த டீச்சர் வந்தார். என் வயதுதான். பருத்திப் புடவை, அமைதியான முகம். கதையைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல தமிழ் பேசுன்னா இவ பேச மாட்டா. மேட்சுல உதவுச்சா? ரொம்ப நன்றிங்க" என்றார். என்னைத் தோற்கடித்ததற்கு அத்தனை நெகிழ்ச்சியாக ஒருவர் நன்றி சொன்னது எனக்குப் புதிது.

பிரியும்போது பதினொன்றாம் எண் கேட்டாள்: "ஆன்டி, அடுத்த வாரம் ஷா ஆலாம்ல எங்களுக்கு வேற ஒரு போட்டியில மேட்ச் இருக்கு. எனக்கும் நடுவுல நிக்கும்போது ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. வந்து மேல நின்னு சொல்றீங்களா?"

நான் மருமகளைப் பார்த்தேன். "போலாம் அத்தை. அவங்களத் தோற்கடிக்கப் போறது நாமதான். அதுவரைக்கும் வேற யாரும் தோற்கடிக்கக்கூடாது" என்றாள்.

போனோம். நானும் டீச்சரும் மேல்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிப் பழகியவர். முதலில் வாயைக் கையால் மூடிக்கொண்டே முணுமுணுத்தார். "டீச்சர், வகுப்புல கடைசி பெஞ்சுல ஒருத்தன் தூங்குறான்னு நினைச்சுக்கோங்க" என்றேன். அவ்வளவுதான். அடுத்து அவர் போட்ட "இடப்பக்கம்!"-இல் நடுவரே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நடுநடுவே என்னையும் திருத்தினார். "வலப்பக்கம்னு முழுசா சொல்லுங்க. 'வலக்கம்'னு முழுங்குறீங்க." சரி டீச்சர், சரி டீச்சர் என்று முழுதாகவே கத்தினேன். கீழே அவர் மகள் சிரித்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பந்து கொடுத்தாள். ஆறு புள்ளியில் ஜெயித்தார்கள்.

அன்று தம்பிக்கு அதிசயமாக ஓட்டம் சீக்கிரம் முடிந்திருந்தது. ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். கார் நிறுத்துமிடத்தில் டீச்சர் தன் காரின் பின்கதவைத் திறந்து வைத்து மீகோரேங்கும் உளுந்து வடையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நடைபாதை ஓரத்தில் அவர் மகளும், என் மருமகளும், காலை நீட்ட இடம் கிடைத்த சந்தோஷத்தில் எங்கள் தலைவியும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அக்கா, இதுல நம்ம டீம் எது?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். வடை சூடா இருக்கு, முதல்ல எடுத்துக்கோ" என்றேன்.