பொங்கலன்று வந்த பட்டாளம்

டாக்குரியாவில் வங்காளிகளுக்கு நடுவே நாங்கள் குடியிருந்த சந்தில் அந்த வருஷம் சுவரெல்லாம் சிவப்பு எழுத்து. புரட்சிக்காரப் பிள்ளைகள் போலீஸைக் கொன்றார்கள், போலீஸ் பிள்ளைகளைக் கொன்றது. என் கணவர் பேங்கில் ஆபீசர். இரண்டும் தப்பு, பேசித்தான் தீர்க்க வேண்டும் என்பார். பேச்சு எடுபடாது போனால் ராணுவம் வரட்டும் என்பார். துப்பாக்கி யாரையும் யோசனை கேட்டுச் சுடாது என்று கீழ்வீட்டுச் சொந்தக்காரர் சிரிப்பார்.

"பட்டாளம்னா போலீஸ் மாதிரி இல்ல. சட்டப்படி நடப்பான். தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்று என்னிடம் சொல்வார்.

பொங்கலன்று விடியும்போதே பட்டாளம் சந்து முழுவதையும் வளைத்துக்கொண்டது. நான் வாசலில் மாக்கோலத்துக்குக் காவிக்கரை போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ச்சுவரில் ராத்திரி யாரோ எழுதிய சிவப்பு எழுத்து இன்னும் காயவில்லை. சிப்பாய் அதைப் பார்த்தான், என் காவிக் கொட்டாங்கச்சியைப் பார்த்தான், சிவந்திருந்த என் விரல்களைப் பார்த்தான். இந்தியில் ஏதோ கேட்டான். "பூஜா, பூஜா" என்பதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. சத்தம் கேட்டு இறங்கிவந்த என் கணவரைக் கையைத் தூக்கச் சொல்லி லாரிப் பக்கம் தள்ளினார்கள். அவருடைய இங்கிலீஷை யாரும் காதில் வாங்கவில்லை.

கீழ்வீட்டுச் சொந்தக்காரரின் மனைவியை நான் அவர்கள் வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். அவர்களுக்கும் அன்று சங்கராந்தி. பௌதி ஓடிவந்து, தன் வாசலில் போட்டிருந்த அரிசிமாவு ஆல்போனாக் கோலத்தைப் பட்டாள அதிகாரிக்குக் காட்டினாள். எங்களுக்கு வெள்ளை மட்டும், மதராஸிகளுக்கு ஓரத்தில் சிவப்பு என்று இந்தியில் விளக்கினாள். அதிகாரி பூட்ஸ் நுனியால் என் காவியைத் தேய்த்துப் பார்த்தார். என் கணவரை விடச் சொன்னார்.

அதற்குள் ஜாதவ்பூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்த பௌதியின் கொழுந்தனை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துவந்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

"தாதா, நீங்க சொல்லுங்க. பேங்க் ஆபீசர் சொன்னா கேப்பாங்க" என்றாள் பௌதி என் கணவரிடம்; தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணா.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போதுதான் திரும்பி வந்தார், மறுபடி போனால் விடுவார்களா? அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போனார். இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அதிகாரி கோபப்படவில்லை. என் கணவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார்.

கொழுந்தன் வெயில் காலத்தில்தான் திரும்பினான், ஒரு காலை இழுத்துக்கொண்டு. அன்று அவன் திரும்புவானா என்றே எங்களுக்குத் தெரியாது. மாடிக்கு வந்து நான் கதவைத் தாழிட்டேன். என்ன கேட்டீர்கள் என்றேன். என்ன குற்றம், எந்த உத்தரவு என்று கேட்டாராம்.

"அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? நீங்க பயப்படாம வீட்டுக்குப் போங்க, உங்களை மாதிரி மனுஷாளுக்காகத்தான் வந்திருக்கோம்னான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கீழே பௌதி இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. எப்போது ஆரம்பிப்பாளோ என்று இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி இருந்தோம்.