கவிழ்த்துப் போட்ட மூன்று ராஜாக்கள்

டாக்டர், உங்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள்.

இந்தப் பத்தியின் புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சின்னாளப்பட்டியில் என் நண்பன் பீட்டரின் பந்தல் சாமான் குடோனில், ஞாயிறு மதியம் நாங்கள் நாலு பேர் போக்கர் ஆடுவோம். பீட்டர் ஒருமுறை கோவா கேசினோவுக்குப் போய், இருப்பதிலேயே மலிவான டேபிளில் உட்கார்ந்து தோற்று, கடுப்பில் ஒரு பெட்டி பிளாஸ்டிக் சிப்ஸ் வாங்கி வந்தான். அன்றிலிருந்து குடோனுக்குப் பெயர் கேசினோ. பந்தயம்? தோற்றவன் டீயும் வடையும் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

பீட்டர், நான், ரிட்டயர் ஆன டாக்டர், தையல்கடை கட்டிங் மாஸ்டர் செல்வம்.

எல்லாம் ரம்மி ஆடிப் பழகிய கைகள். போக்கரில் எதிராளியைப் படிக்க வேண்டுமாம். நான்தான் யூடியூப் பார்த்துவிட்டு வந்து பாடம் எடுத்தேன் — ஒருவன் கை நடுங்கினால், அவனிடம் பெரிய சீட்டு இருக்கிறது என்று.

அடுத்த வாரமே செல்வத்தின் வலது கை நடுங்கியது.

"ஏலே, கை ஆடுதுடா! நான் வரல" என்று பீட்டர் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகினான். நானும் கவிழ்த்தேன். டாக்டரும். எல்லோரும் விலகியதால் ஜெயித்த செல்வம் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு ஜோடிகூட இல்லை!

"யப்பா... என்னா நடிப்பு!" என்றான் பீட்டர்.

அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் வாராவாரம் இதே கூத்து. நடிக்கிறானா, நிஜமாகவே சீட்டு இருக்கிறதா என்று எங்களுக்குப் புரியவில்லை. பயந்து பயந்து கவிழ்த்தோம்.

"மாப்ள, கைய செத்த நேரம் சும்மா வையேன்."

"அது எங்க எம்பேச்சக் கேக்குது? வடை வாசம் புடிச்சுருச்சு" என்பான் செல்வம்.

சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான்.

ஒருநாள் டாக்டர் போன் பேச வெளியே போனபோது, அவர் கவிழ்த்த சீட்டைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். மூன்று ராஜா, இரண்டு பத்து. யாராவது அவ்வளவு பெரிய சீட்டைக் கீழே போடுவார்களா? டாக்டருக்கு ஆட்டம் தெரியவில்லை என்று நினைத்து, அதற்கும் சிரித்தேன்.

போன மாதம் ஒரு கல்யாண ஜாக்கெட் துணியில் செல்வத்தின் கத்தரி விலகி ஓடியது. அது மூன்றாவது துணி. "வீட்ல இருங்க மாஸ்டர்" என்றுவிட்டார் முதலாளி. மதுரையில் காட்டினோம். நரம்பு வியாதி. ஒரு வருடம் முன்னாலேயே மாத்திரை ஆரம்பித்திருந்தால், இந்தக் கை இன்னும் கொஞ்ச காலம் துணி வெட்டியிருக்கும் என்றார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது செல்வம் மெதுவாகச் சொன்னான்: "கடைல கை ஆடுனப்பவும், சீட்டாட்டத்துல தொத்துன பழக்கம்னு நெனச்சுட்டேன் அப்பு. நீங்கதான அம்புட்டு சிரிச்சீக."

 

டாக்டர், அப்போதுதான் அந்த மூன்று ராஜா ஞாபகம் வந்தது. உங்களுக்கு ஆட்டமும் நன்றாகவே தெரியும், அந்த நடுக்கம் வியாதி என்பதும் தெரியும். பாவம் பார்த்து அவனை ஜெயிக்க விட்டீர்கள். அவனுக்கு உங்கள் வடையா வேண்டும்? "ஒருதரம் மதுரைக்குப் போயிட்டு வாய்யா" — இந்த ஒரு வரி போதாதா?

போனில் கேட்டேன். "அதெல்லாம் போன்ல பேச வேணாம்" என்று வைத்துவிட்டீர்கள். இரண்டு ஞாயிறாக ஆளையே காணோம். செல்வம் வருகிறான். இடது கையால் சீட்டுப் பிடிக்கிறான். யாரும் சிரிப்பதில்லை.

என் முட்டாள்தனத்தை ஊரறிய எழுதிவிட்டேன். வருகிற வாரம் இந்த இடம் உங்களுக்கு. செல்வம் படிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள் — மூன்று ராஜாவை ஏன் கவிழ்த்தீர்கள்?